பழைய பி450 போர்டைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்ட கதை

எங்கள் வீட்டு சிஸ்டம் 2018இல் அசெம்பிள் செய்தது. ஏஎம்டி ரைசன் 3 2200ஜி ப்ராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஒரு குச்சி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகா 8தான் எல்லாம். வாங்கிய புதிதில் பறந்தது. 2025 கோடையில் பார்த்தால், ஸ்விட்சைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டு எடுத்துவந்து உட்கார்ந்தாலும் குரோம் அப்போதுதான் கண் விழிக்கும். மனைவிக்கு டேலி வேலை. மகன் ஒன்பதாவது படிக்கிறான், பைத்தான் என்று ஆரம்பித்து மைன்கிராஃப்ட்டில் முடிப்பான். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளவாய் ஏரிப் பக்கம் போய்ப் பறவைகளைப் படம் எடுத்து, அவற்றை டார்க்டேபிளில் திருத்துகிற பைத்தியம். மூன்று பேரும் மூன்று விதமாக அதைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

"தூக்கிப் போட்டுட்டு லேப்டாப் வாங்குங்க மாமா, அம்பதாயிரத்துல முடிஞ்சிரும்" என்றான் மச்சினன். ஐம்பதாயிரத்தை அவன் சொன்ன தோரணையைப் பார்த்தபோதே, இதைச் சரி செய்தே தீருவது என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள்தான் மாற்றுவது. மாற்றிய பின் அதே மூன்று சோதனைகளை ஓட்டிப் பார்த்து, மகனுடைய பழைய நோட்டில் மீந்த பக்கங்களில் எழுதிவைப்பது. ஸ்விட்ச் தட்டியதிலிருந்து குரோமில் ஒரு பக்கம் திறக்கும் வரை எவ்வளவு நேரம். 40 ரா படங்களை, அதாவது கேமராவின் மூலக் கோப்புகளை, ஜேபெக் ஆக்க எவ்வளவு நேரம். மைன்கிராஃப்ட்டில் அவன் கட்டிய கோட்டையின் வாசலில் நின்றால் நொடிக்கு எத்தனை ஃப்ரேம். ஆரம்பக் கணக்கு: 2 நிமிடம் 45 நொடி, 9 நிமிடம் 10 நொடி, 41 ஃப்ரேம்.

ஜூன் மாதம், முதல் நாள் வேலை வெறும் தூசி தட்டல். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு. மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் புளோயர் அடித்தேன். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் காற்று வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும். ஒவ்வொரு முறையும் தேதி 2018க்கே திரும்பிக்கொண்டிருந்ததற்கு சிஆர்2032 பேட்டரி மாற்றினேன், 60 ரூபாய். வேகம் ஒரு நொடிகூட மாறவில்லை. சத்தம் குறைந்தது, அதுவரை லாபம்.

அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்தேன். சிஸ்டம் எழும்பும் நேரம் முழுக்க ப்ராசசர் 20, 30 சதவீதத்தில் சோம்பிக் கிடக்கிறது. டிஸ்க் மட்டும் 100இல் நிற்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும். தேவையான இடம் முள்ளுக்கடியில் வருவதற்கே சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும், முள் நகரும் நேரம் தனி. விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். மளிகைக் கடையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒருமுறை குடோனுக்கு நடந்துபோய் வரும் பையன் மாதிரிதான் ஹார்ட் டிஸ்க்கின் பாடு. டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தால், பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் வேறு எட்டு. போதும், முதல் பலி இதுதான்.

சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பயனில்லை, பெரும்பாலும் பூட்டியிருக்கும். சனிக்கிழமை செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கிப் போனேன். சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி கேட்டதும் முதல் கடையில் எடுத்து நீட்டியது எம்.2 சாட்டா; போர்டிலேயே செருகும் எம்.2 வடிவம், உள்ளே பழைய சாட்டா வகை. "எல்லாம் ஒண்ணுதான் சார், 200 ரூபா கம்மி." ஒன்றல்ல. சாட்டா வகை நொடிக்கு 550 எம்பி பக்கத்தில் நின்றுவிடும், பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3,500 வரை போகும். முனையைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: இரண்டு வெட்டு இருந்தால் அநேகமாக சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் என்விஎம்இ. இன்னொரு கடையில் அதைவிட விலை கூடிய பிசிஐஇ 4.0 வகையைத் தள்ளப் பார்த்தார்கள். என் போர்டின் எம்.2 வாய் 3.0தான், மிச்ச வேகம் பெட்டியிலேயே தூங்கும். மூன்றாவது கடையில் 500 ஜிபி என்விஎம்இ, ஐந்து வருட வாரண்டி, ஜிஎஸ்டி பில்லோடு 3,200 ரூபாய்.

வீட்டுக்கு வந்து போர்டில் செருகினால் பிடித்து வைக்க ஸ்குரூ இல்லை! எஸ்எஸ்டி பின்பக்கம் எம்பிக்கொண்டு நிற்கிறது. அந்தக் குட்டி ஸ்குரூ 2018இல் போர்டு பெட்டியோடு வந்திருக்கும். அசெம்பிள் செய்தவர் கடையிலேயே நின்றுவிட்டிருக்கும். கேபினெட் ஸ்குரூ எதுவும் பொருந்தாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் ரிப்பேர் செய்யும் தம்பி டப்பாவைக் கவிழ்த்துத் தேடி ஒன்று எடுத்துக் கொடுத்தார், 10 ரூபாய்.

சி டிரைவை எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்தேன். அதிலிருந்து எழும்பவே இல்லை. ஒரு ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். விஷயம் இதுதான்: அன்று விண்டோஸ் போட்டவர் பழைய பாணியில், எம்பிஆர் முறையில் டிஸ்க்கைப் பிரித்துவிட்டிருந்தார். என்விஎம்இ டிரைவிலிருந்து எழும்ப யுஇஎஃப்ஐ என்ற புது எழுப்பும் முறையும் ஜிபிடி என்ற புதுப் பிரிப்பு முறையும் வேண்டும். மறுபடி ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே எழுப்பி, முக்கியமானதை எல்லாம் வெளி டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை ஓட்டினேன். மூன்றுக்கு மேல் பிரைமரி பார்டிஷன் இருந்தால் அது மறுத்துவிடும். என்னிடம் சரியாக மூன்று, தப்பித்தேன். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், பழைய முறைக்கு இடம் கொடுக்கும் சிஎஸ்எம்மை அணைத்து, ஹார்ட் டிஸ்க் புது முறையில் எழும்புகிறதா என்று பார்த்துவிட்டு, திரும்பவும் குளோன். இந்த முறை எழுந்தது. 31 நொடி. நம்பாமல் மூன்று தடவை அணைத்துப் போட்டேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் ராத்திரி எல்லாம் முழிச்சிருந்தீங்களா" என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் நோட்டில் மற்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 40 படங்கள்: 8 நிமிடம் 50 நொடி. மைன்கிராஃப்ட்: 41, அதே 41. எஸ்எஸ்டி போட்டால் எல்லாமே பறக்கும் என்று சொல்பவர்கள் காத்திருக்கும் வேலையைத்தான் பார்த்திருக்கிறார்கள், கணக்குப் போடும் வேலையைப் பார்க்கவில்லை.

ஜூலையில் ராம். 8 ஜிபி என்று சொன்னாலும் விண்டோஸ் காட்டியது 5.9 ஜிபிதான், 2 ஜிபியை வேகா தன் பங்காக எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், ஒற்றைக் குச்சி. தனி கார்டு இல்லாத சிஸ்டத்தில் ப்ராசசரும் கிராபிக்ஸும் ஒரே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2400 வேக ஒற்றைக் குச்சி தருவது நொடிக்கு 19.2 ஜிபி. அதே குழாயில் சமையலறையும் குளியலறையும் ஒன்றாகத் திறந்தால் என்ன ஆகும்? இன்னொரு 8 ஜிபி மட்டும் வாங்கிச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். பழைய குச்சிக்காகப் புதியதும் 2400க்கு இறங்கி ஓடும். சரி என்று 3200 வேகத்தில் இரண்டு 8 ஜிபி, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவது, 3,900 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன்.

நான்கு வாய் உள்ள போர்டில் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். முதல் இரண்டு வாயிலும் போட்டால் இரண்டும் ஒரே சானலில், அதாவது ஒரே குழாயில், போய்ச் சேர்ந்துவிடும். பயாஸில், ராமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பியையும் நாமே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் 3200 குச்சி குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், யாரும் வந்து சொல்லமாட்டார்கள். 2200ஜிக்கு ஏஎம்டி சொல்லியிருக்கும் வரம்பு 2933 என்பதால் அதில் நிறுத்தினேன். இரண்டு சானல் சேர்ந்து நொடிக்கு 46.9 ஜிபி. கோட்டை வாசலில் 41 இருந்தது 66 ஆனது! மகன் அன்றைக்குத்தான் இந்த வேலையை மதிக்க ஆரம்பித்தான். படங்கள் 8 நிமிடம் 5 நொடி. அதில் பெரிய மாற்றம் இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மையில் டேலிக்கும் குரோமுக்கும் இதுவே தாராளம். ஆனால் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவதாக இருந்தது, விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் ப்ராசசர் பட்டியலில் 2200ஜி இல்லை. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சமான டிபிஎம் 2.0 இதற்குள் இருக்கிறது, இருந்தும் பட்டியலில் இல்லை. சுற்றுவழிகள் உண்டு, மனைவியின் கணக்கு வழக்கு இருக்கும் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று பட்டது.

ப்ராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டின் அருமை இங்கேதான். 2018 போர்டிலேயே 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி உட்காரும். ஜி இல்லாத 5600 என்றால், ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் குட்டி நினைவகமான கேச் இரட்டிப்பு, 32 எம்பி. ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு வாங்க வேண்டும். அடுத்த தலைமுறை ஏஎம்5க்குப் போனால் போர்டும் புதிது, ராமும் டிடிஆர்5 என்ற வேறு வகை, ஜூலையில் வாங்கிய ஜோடி வீண். எனவே 5600ஜி, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், பழையதைப் போலவே 65 வாட். கிராபிக்ஸ் பேர் வேகா 7. எட்டிலிருந்து ஏழுக்கு இறங்குகிறோமே என்று பார்த்தால், இதன் வேகம் 1900 மெகாஹெர்ட்ஸ், பழையது 1100. பெட்டிக்குள் கூலரும் சேர்த்து 10,400 ரூபாய்.

புது ப்ராசசரைப் போர்டு அடையாளம் காண வேண்டுமென்றால், பழையது உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும். என்னுடையது 2018 பதிப்பு. நேரே தாவ முடியாது, நடுவில் ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் கடைசிக்குப் போகலாம் என்று போர்டு தளத்தில் எழுதியிருந்தது. அந்த நான்கைந்து நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டுக்குப் பால் ஊற்றிவிட வேண்டியதுதான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எங்கள் பக்கம் எப்போது என்று பார்த்து, அதைத் தவிர்த்து, கேபினெட்டை இன்வெர்ட்டர் லைனில் செருகி, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவை வைத்து ஆரம்பித்தேன். இரண்டு தடவை. அந்த நேரத்தில் யாரையும் ஸ்விட்ச் போர்டு பக்கம் விடவில்லை.

பயாஸ் சுலபமாக முடிந்தது. சோதனை கூலரில் வந்தது. நான்கு ஸ்குரூவையும் குறுக்குக் குறுக்காகத் தளர்த்திவிட்டு மேலே தூக்கினேன். வரவில்லை. கொஞ்சம் அழுத்தித் தூக்கினேன். "டக்". கூலரின் அடியில் ப்ராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ப்ராசசரைப் பிடித்து வைக்கும் லிவர் இன்னும் பூட்டிய நிலையிலேயே இருக்கிறது! கூலருக்கும் ப்ராசசருக்கும் நடுவில் தடவிய ஏழு வருடப் பேஸ்ட் காய்ந்து கோந்தாகியிருந்தது. சிஸ்டத்தைக் கால் மணி நேரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே அணைத்து, கூலரை இடமும் வலமும் திருகிவிட்டுத்தான் தூக்க வேண்டுமாம். இதெல்லாம் அப்புறம் படித்தது.

ஏஎம்4இல் ஊசிகள் சாக்கெட்டில் இல்லை, ப்ராசசரின் அடியில், 1331. ஓரத்தில் இரண்டு வளைந்திருந்தன. வயிறு ஒரு கணம் கலங்கியது. பிறகுதான் இது போகப்போகிற பழைய ப்ராசசர் என்று மூளைக்கு எட்டியது. சாக்கெட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒட்டிக்கொண்டதைத் தையல் நூலை இரட்டையாக்கி நடுவில் அறுத்துப் பிரித்தேன். வளைந்த ஊசிகளை மைக்ரோ டிப் பென்சிலின் லெட் இல்லாத முனைக்குள் நுழைத்து நிமிர்த்தினேன், அவசரப்படாமல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம்.

புதியது அழுத்தாமலே தானாக விழுந்து உட்கார்ந்தது. ஸ்விட்ச் போட்டால் திரை கறுப்பு. ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே. ராமோடு பேசிப் பழகிக்கொள்கிறது என்பதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வந்த முதல் செய்தி, புது ப்ராசசர், ப்ராசசருக்குள் இருக்கும் டிபிஎம்மான எஃப்டிபிஎம்மை மாற்றி அமைக்கலாமா என்று. இங்கே, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒய் அழுத்தக் கூடாது. நான் போடவில்லை, அழுத்தினேன். ராமை 3200க்கு ஏற்றினேன். விண்டோஸ் ஆக்டிவேஷன் அப்படியே இருந்தது. 11க்கு மாறியதும் சிக்கலில்லை.

நோட்டின் கடைசி வரி: 22 நொடி, 3 நிமிடம் 40 நொடி, 94 ஃப்ரேம். பேஸ்ட் ட்யூப் 250 சேர்த்து மொத்தச் செலவு 17,820 ரூபாய். ப்ராசசர் வந்த பிறகுதான் என் படங்களுக்கு விடிவு வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மாதமே அதை மட்டும் வாங்கியிருந்தால், டீ போடும் நேரம் மாறியே இருக்காது. ராமை ஜூலையிலேயே வாங்கியது என் சாமர்த்தியம் இல்லை. வருடக் கடைசியில் டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, மச்சினன்கூட அதைப் பற்றி மட்டும் மரியாதையாகப் பேசுகிறான்.

இன்னும் மாற்றாதது எஸ்எம்பிஎஸ், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி. 2018இல் கேபினெட்டோடு சேர்ந்து வந்த லோக்கல் சரக்கு. மேலே 450 வாட் என்று எழுதியிருக்கிறது, கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் கனம்தான். ப்ளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: சும்மா இருந்தால் 34 வாட், படம் ஏற்றுமதி ஆகும்போது 108. அந்தச் சுமைக்கு அது தாங்குகிறது, ஆனால் இத்தனை செலவு செய்த பொருட்களை அதன் கையில் ஒப்படைத்திருப்பது உறுத்துகிறது. பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை, மறுபடி எழும்பூர்.