இலைத் தராசு

கோயம்புத்தூரில் தராசு விற்பதும் பழுதுபார்ப்பதும் எங்கள் தொழில். நகைக்கடை, காய்கறி மண்டி, பஞ்சாலை, ரேஷன் கடை என்று எல்லா இடத்துக்கும் போகிறோம். பஞ்சாலைக்குப் போகச் சொன்னால் ஆளுக்கொரு சாக்குச் சொல்வார்கள். நீலகிரி என்றால் மட்டும் யார் போவது என்று போட்டி நடக்கும். காலையில் கிளம்பினால் வேலையை முடித்து இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம், நடுவில் ஒரு நாள் குளிர்ச்சி இலவசம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. எலக்ட்ரானிக் தராசுகளை வருடத்துக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளர் சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். அவர் வருவதற்கு முன் உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரை வரவழைத்துச் சரி செய்துகொள்வது வழக்கம். பச்சை இலை வாங்கும் இடத்தில் ஒன்று, தூளை மூட்டை போடும் இடத்தில் ஒன்று, இரண்டும் 300 கிலோ வரை நிறுக்கும் பிளாட்ஃபார்ம் தராசு. "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேச மாட்டேங்குது" என்றார் மேனேஜர் போனில். ஒரே பொருளுக்கு இரண்டும் இரண்டு எடை காட்டுகின்றன என்று அர்த்தம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சாலையில் ஏறினோம். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்த்தார்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பின்பக்கம் எட்டிப் பார்த்தவர் வரிசையாக இரும்புக் கற்களைக் கண்டு, "இது எதுக்குங்க?" என்றார். எல்லாம் 20 கிலோ சோதனை எடைக்கற்கள். வளைவில் உருளாமல் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தோம். அந்தச் சுமையோடு எங்கள் ஆம்னி இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை.

தொழிலில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருகிற விஷயம் ஒன்று உண்டு. எலக்ட்ரானிக் தராசு பொருளின் நிறையை நேராக அளப்பதில்லை, பூமி அதை இழுக்கிற விசையை அளக்கிறது. உயரம் கூடினால் அந்த இழுவை ஒரு பொட்டு குறையும். கோவை ஏறத்தாழ 400 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800 மீட்டர் அளவில். கீழே சரி செய்து கொண்டுவந்த தராசு மேலே 100 கிலோவுக்கு ஏறத்தாழ 30, 40 கிராம் குறைத்துக் காட்டும். 50 கிராம் படியில் காட்டும் தராசுக்கு 100 கிலோவில் சட்டம் அனுமதிக்கும் பிழையே 50 கிராம்தான். ஆக, சலுகையில் பெரும்பகுதியை மலையே எடுத்துக்கொள்கிறது. பழைய தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது, பூமி இரண்டு தட்டையும் ஒரேபோல இழுக்கும். அதனால்தான் கற்களைச் சுமந்துகொண்டு மலையேறி, அங்கேயே வைத்துச் சரி செய்கிறோம்.

இலைத் தராசு எதிர்பார்த்த நிலையில்தான் இருந்தது. தட்டைத் தூக்கினால் கீழே காய்ந்த இலையும் சேறும் அடைத்து, தட்டு முழுதாக இறங்க முடியாதபடி முட்டுக் கொடுத்திருந்தது. சுத்தம் செய்து, நான்கு மூலையிலும் கல் வைத்துப் பார்த்தோம். மூடுபனி உள்ளே புகுந்து, சுமையை உணர்கிற லோடு செல்லின் இணைப்பில் ஈரம் கட்டியிருந்தது. மலையில் தராசு கெடுவதற்கு முக்கால்வாசி காரணம் இந்த ஈரம்தான். பையில் ஹேர் டிரையர் வைத்திருப்பேன். அதைப் பார்த்து அங்கிருந்த பெண்கள் சிரித்தார்கள், இருக்கட்டும்.

வேலை நடக்கும்போதே இலை வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. அது விலைக்கு இலை வாங்கி அரைக்கும் ஆலை. நீலகிரியில் தேயிலை என்றால் பெரிய எஸ்டேட் என்று கீழே இருக்கிற நாம் நினைத்துக்கொள்கிறோம். ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள்தான் அங்கே பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அதில் படுகர்கள் நிறையப் பேர். அவர்கள் பறிக்கிற பச்சை இலை இது போன்ற ஆலைகளுக்கோ, இன்ட்கோசர்வ் கூட்டுறவு ஆலைகளுக்கோ போகிறது. பறித்த இலையை வைத்துப் பார்த்துவிட்டு நல்ல விலை வரும்போது விற்கலாம் என்பது இங்கே நடக்காது. மறுநாளே அது குப்பை.

வலைப் பைகளில் வந்த இலையை எடை போட்டார்கள். புதிதாகச் சரி செய்த தராசு, இம்மி பிசகாமல் காட்டியது. எனக்கு உள்ளூரப் பெருமை. சீட்டு எழுதுகிறவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வேறு எண்ணை எழுதினார். பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றல் இலைக்கு இவ்வளவு என்று மனதிலேயே கழித்தார். மிச்சத்தில் கிலோவுக்குக் கீழே இருந்ததையும் விட்டுவிட்டார்.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "தராசெல்லாம் சரிதான் தம்பி. கழிக்கிறதுக்கு எந்தத் தராசு வச்சிருக்கீங்க?" என்றார். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

நான் 40 கிராமுக்காகக் கல் சுமந்து வந்தவன். இங்கே ஒரு பேனா கிலோக் கணக்கில் கழிக்கிறது. இதை ஆலைக்காரர்களின் அநியாயம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அன்று மதியம், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் என்னை ஆலை முழுக்கச் சுற்றிக் காட்டினார். அவர் பக்கத்து நியாயமும் ஒன்று இருக்கிறது.

தேயிலை ஆலை என்பது எடையைக் குறைக்கிற ஆலை. பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், கடைசியில் வருகிற தூளில் 3 சதவீதம் அளவில்தான் ஈரம். முதலில் வாடவைக்கும் கூடம். நீளமான தொட்டிகளின் கம்பி வலைமேல் இலையைப் பரப்பி, கீழிருந்து மின்விசிறியால் காற்று விடுகிறார்கள். 12 மணி நேரத்துக்கு மேலும் அப்படியே கிடந்து இலை துவள வேண்டும். அந்தக் கூடத்தில் பச்சை ஆப்பிளை வெட்டியதுபோல ஒரு வாசனை. நாள் முழுக்க எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம் சி.டி.சி. இயந்திரம்; நசுக்கு, கிழி, சுருட்டு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பற்கள் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன, ஒன்று மெதுவாக, இன்னொன்று அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு வேகத்தில். அந்த இடுக்கில் இலை நசுங்கிக் கிழிந்து சுருண்டு மணியாகிறது. பற்கள் மழுங்கினால் தூளின் தரம் போய்விடும், அதனால் அடிக்கடி கழற்றித் தீட்டுகிறார்கள். வெளியே வரும்போது பச்சையாக இருந்த மணி, காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் செம்புநிறத்துக்கு வருகிறது. இதை 'ஃபெர்மெண்டேஷன்' என்கிறார்கள். உண்மையில் மாவு புளிப்பதுபோன்ற வேலை எதுவும் அதில் இல்லை, இலைச்சாறு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதுதான். கடைசியாக டிரையர். விறகு அடுப்பின் சூட்டில் காற்றைக் காய்ச்சி உள்ளே அனுப்புகிறார்கள். அங்கே அந்த மாற்றம் நின்றுபோய், நமக்குத் தெரிந்த கறுப்புத் தூளாகிறது.

"ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ இலை வேணும் சார்" என்றார் டீ மேக்கர். "மழை நாள்ல மேல தண்ணியோட வந்தா அஞ்சுக்குப் போயிரும். அந்தத் தண்ணிக்கு இலை விலை குடுக்கணும், அப்புறம் அதை விரட்ட விறகும் வாங்கணும்." முற்றல் இலையால் நார் கூடிவிடுகிறது என்றும் சொன்னார். பறிக்க ஆள் கிடைக்காததால் பலர் கையால் பறிப்பதை விட்டுவிட்டுக் கத்தரியால் வெட்டுகிறார்கள். 'ரெண்டு இலை ஒரு மொட்டு' என்பது அளவான கொழுந்து. கத்தரிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. சலிக்கும் இடத்தில் நாரைப் பிரிக்க உருளைகளைத் தேய்த்து நிலைமின்சாரம் ஏற்றியிருந்தார்கள், நார் மட்டும் தாவி ஒட்டிக்கொள்கிறது. மின்னணுத் தராசுக்காரன் கண்ணுக்கு அது கொஞ்சம் பயமான காட்சி.

விலையும் இவர்கள் கையில் இல்லை. தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் கிடைத்த சராசரியை வைத்துத் தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சை இலைக்கு விலை அறிவிக்கிறது. ஏலம் இறங்கினால் ஆலை இழுத்துப் பிடிக்கக்கூடிய ஒரே இடம் இலை எடுக்கும் வாசல்தான். ஈரம் நிஜம், பையின் எடை நிஜம், முற்றல் நிஜம். அது எவ்வளவு என்பதை ஒரு தரப்பின் கண் மட்டும் முடிவு செய்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தியது.

மாலையில் மூட்டைத் தராசைப் பார்த்தோம். தூள் படிந்து தட்டு கனமாகியிருந்ததைத் தவிரப் பெரிய கோளாறு இல்லை. மூட்டை போடும் பையன் குறித்த எடையைத் தாண்டி ஒரு கைப்பிடி கூடவே போட்டான். ஏன் என்று கேட்டேன். "வாங்குறவங்க எடை குறையுதுன்னு சொல்லிருவாங்க அண்ணா." ஒரே கட்டடத்தில் உள்ளே வரும் எடை கீழே இறங்குகிறது, வெளியே போகும் எடை மேலே ஏறுகிறது. இடித்துப் பேசுகிற பலம் யாரிடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் முள் சாய்கிறது. எங்கள் சோதனைக் கற்களுக்கு இதில் வேலையே இல்லை.

கணக்கு முடிக்கும்போது மேனேஜரிடம் ஒன்று சொன்னேன். இலைத் தராசின் எண் காட்டும் இண்டிகேட்டரில் பையின் எடையைப் பதிந்து தானாகக் கழிக்கிற வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சின்ன பிரிண்டர் மாட்டினால் மொத்த எடை, பை எடை, நிகர எடை மூன்றும் சீட்டில் வரும். ஈரத்துக்கும் முற்றலுக்கும் கழிப்பதைப் பேனாவில் எழுதட்டும், ஆனால் அதைத் தனி வரியாக எழுதட்டும். இலை கொண்டுவருகிறவருக்கு எதில் எவ்வளவு போனது என்றாவது தெரியும். பிரிண்டருக்கு விலையும் சொன்னேன். பெரிய தொகை இல்லை.

"நல்ல யோசனைதான். முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். தராசு சரி செய்த பில்லுக்குப் பணம் அந்த வாரமே வந்துவிட்டது. பிரிண்டர் பற்றி இன்னும் பதில் வரவில்லை. அடுத்த முத்திரைக்குப் போகும்போது ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மாட்டிக் காட்டலாம் என்றிருக்கிறேன்.