லண்டன் வீட்டில் காஸ் அடுப்பை இடம் மாற்றியது: எதற்கு எவ்வளவு

குசினியைத் திருத்தும்போது காஸ் அடுப்பை எதிர்ச்சுவருக்கு மாற்ற வேண்டியிருந்தது. மூன்று பேரிடம் விலை கேட்டோம். 180, 320, 636 பவுண் என்று வந்தது. மூவரும் கேஸ் சேஃப் (காஸ் வேலை செய்பவர்களுக்கான இங்குள்ள பதிவேடு) பதிவு உள்ளவர்கள்தான், வேலையும் ஒன்றேதான். மலிவானதைப் பிடிக்கும் முன், விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பிரித்துக் கேட்டதில் விஷயம் வெளிச்சமானது.

180 சொன்னவர் வீட்டைப் பார்க்கவே இல்லை. குழாய் ஏற்கெனவே புது இடத்துக்கு வந்திருக்கும், இணைத்துவிட்டால் போதும் என்ற கணக்கில் போனிலேயே சொன்ன தொகை அது. 320 சொன்னவர் வந்து பார்த்தார். பொய்லருக்குப் போகும் 15 மில்லிமீட்டர் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்துத் தருவதாகச் சொன்னார். மூன்றாமவர்தான் மீட்டரிலிருந்து குழாய் போகும் வழியெல்லாம் டேப் பிடித்து அளந்தார், பொய்லர் எவ்வளவு காஸ் எடுக்கும் என்று அதன் அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார், அதற்குப் பிறகுதான் விலை எழுதினார்.

விலை ஏறியதற்குக் காரணம் குழாயின் பருமன். மீட்டரைத் தாண்டி வரும் காஸின் அழுத்தம் சுமார் 21 மில்லிபார். எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரியும்போதும், மீட்டருக்கும் சாதனத்துக்கும் இடையில் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது. 30 கிலோவாட் கொம்பி பொய்லர் (வீட்டையும் சூடாக்கி, சுடுநீரையும் உடனுக்குடன் தருவது) சுடுநீர் தரும்போது மணிக்கு 3 கன மீட்டருக்கு மேல் காஸ் எடுக்கும். நாலு பர்னர் அடுப்பு அதோடு முக்கால் கன மீட்டர் சேர்க்கும். 15 மில்லிமீட்டர் செப்புக் குழாய் 6 மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 1.9 கன மீட்டர்தான் கொடுக்கும். 22 மில்லிமீட்டர் குழாய் என்றால் அதே தூரத்துக்கு 5.8. ஒவ்வொரு முழங்கை வளைவுக்கும் அரை மீட்டர் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். நாலு வளைவு போட்டாலே குழாய் 2 மீட்டர் நீண்ட மாதிரி. மெல்லிய குழாயில் கிளை எடுத்திருந்தால், ஒருவர் குளிக்கும்போது அடுப்புச் சுவாலை சுருங்கும், பொய்லரும் பிழைக்குறி காட்டி நிற்கும். பிறகு சுவரையும் தரைப்பலகையையும் இன்னொரு முறை கிளப்பவேண்டிவரும்.

ஆகவே 636 பவுணுக்கே சம்மதித்தோம். குழாய், மூட்டுகள், அடைப்பு வால்வு எல்லாம் 110. ஒரு நாள் கூலி 420. மீதி 106 பவுண் 20 வீத வாட் வரி. தனியாளாக வேலை செய்பவர் பலர் வாட் பதிவு இல்லாதவர்கள், அவர்கள் இதைச் சேர்க்க மாட்டார்கள். விலைகளை ஒப்பிடும்போது வரி உள்ளேயா வெளியேயா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

கூலியில் கணிசமான பங்கு சோதனைக்குப் போகிறது, அது வீண் செலவு இல்லை. கை வைக்கும் முன்பே கசிவுச் சோதனை. யு வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர். மீட்டரின் சோதனை முனையில் ரப்பர் குழாயை மாட்டியதும் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறி, இரண்டு மட்டத்துக்கும் இடையில் ஏறக்குறைய 20 சென்ரிமீட்டர் வந்து நின்றது. அதுதான் 20 மில்லிபார். காஸை மூடி, அமைதியாக ஒரு நிமிடம், பிறகு மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு நிமிடம். 2 மில்லிபார் இறங்கியது. சாதனங்கள் பூட்டிய பழைய இணைப்பில், வழமையான வீட்டு மீட்டரோடு, மணம் எதுவும் இல்லாவிட்டால் 4 மில்லிபார் வரை விடலாம். புதுக் குழாயில் ஒரு துளியும் இறங்கக் கூடாது. பழைய அடுப்பைக் கழற்றி முனையை அடைத்ததும் தண்ணீர் அசையவில்லை. கசிந்தது அடுப்பின் திருகுமுனையில்தான், குழாயில் இல்லை. இந்த முதற்சோதனையைச் செய்யாமல் வேலை தொடங்குபவர், பிறகு கசிவு தெரிந்தால் எது பழையது எது புதியது என்று சொல்ல முடியாமல் நிற்பார்.

சீமெந்து செப்பை அரிக்கும். அதனால் சுவரைக் கடக்கும் இடத்தில் குழாய்க்கு உறை போட்டார். மேசையில் பதிக்கும் அடுப்புக்கு இறுக்கமான செப்பு இணைப்பு. தனியே நிற்கும் குக்கர் என்றால் வளையும் ஹோஸும் அது கவிழாதபடி சங்கிலியும்.

எதிர்பாராத செலவு ஒன்றே ஒன்று, 120 பவுண். மீட்டரிலிருந்து 600 மில்லிமீட்டருக்குள் காஸ் குழாயில் பச்சை மஞ்சள் எர்த் வயர் பூட்டியிருக்க வேண்டும், பருமன் வழமையாக 10 சதுர மில்லிமீட்டர். பழைய வீடுகள் பலவற்றில் அது மெல்லியதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. காஸ்காரர் எழுதித்தான் தருவார், சரிசெய்ய எலக்ட்ரீசியன் வர வேண்டும்.

வருபவரின் அடையாள அட்டையின் முன்பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். படம், உரிம எண், முடிவுத் தேதி எல்லாம் முன்னால் இருக்கும். அவருக்கு எந்த வேலை செய்ய அனுமதி என்பது பின்னால்தான் இருக்கிறது. பொய்லருக்கு அனுமதி உள்ளவருக்குக் குக்கருக்கு இல்லாமல் இருக்கலாம். பதிவேட்டை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். காஸ் வேலையைத் தொழிலாகச் செய்ய இந்தப் பதிவு சட்டப்படி கட்டாயம். 'எங்கட பெடியன், கைக்காசுக்குச் செய்வான்' என்று யாராவது ஆள் காட்டினாலும் அட்டையைக் கேட்டே ஆக வேண்டும்.

ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவரும் அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சிலிண்டர் காஸுக்குச் செய்தது. அதன் ஜெட் துளையும் (காஸ் பர்னருக்கு வரும் சிறு துளை) அழுத்தமும் வேறு. சுவாலை அணைந்தால் காஸை நிறுத்தும் பாதுகாப்பு பலவற்றில் இல்லை, இங்கே தேவையான தர அடையாளமும் இருக்காது. பதிவுள்ளவர் அதைப் பூட்ட மறுப்பார், மறுக்கவும் வேண்டும். வந்ததற்கான கூலி மட்டும் போய்விடும். பெரிய சட்டி வைக்க வேண்டுமென்றால் வொக் பர்னர் உள்ள அடுப்பை இங்கேயே வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் பொய்லரில் சுடுநீரைத் திறந்து, நாலு பர்னரையும் எரியவிட்டு, அழுத்தத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு 0.6 மில்லிபார்தான் குறைந்தது. அந்த எண்ணையும் கசிவுச் சோதனை முடிவையும் பில்லிலேயே எழுதி வாங்கினோம்.