ஏழாம் வகுப்புக் களிமண்ணிலிருந்து கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி வரை

அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் பகுதிநேர ஓவிய ஆசிரியை. 2012இல் தமிழ்நாடு முழுக்க 16,549 பேரை ஓவியம், இசை, உடற்கல்வி, தையல், கணினி என்று பகுதிநேரமாக எடுத்தார்களே, அவர்களில் ஒருத்தி. மாதம் 5,000 ரூபாயில் ஆரம்பித்தது. 2021இல் 10,000, 2024இல் 12,500. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மே மாதம் சம்பளம் கிடையாது என்றுதான் எடுத்தார்கள். எனக்கென்று ஒதுக்கியது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் மட்டும்.

எங்கள் பள்ளியிலிருந்து முதன்முதலாக ஒரு பெண், ஓவியமும் சிற்பமும் சொல்லித்தருகிற கவின்கலைக் கல்லூரிக்குப் போயிருக்கிறாள். எப்படிப் போனாள் என்று மற்ற பள்ளி ஓவிய ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

2018-19இல் அவள் ஏழாம் வகுப்பு. பெஞ்சில் கடைசி ஓரம், கேட்டால் ஒழியப் பேச மாட்டாள். ஒரு நாள் ஏரிக் களிமண் கொண்டுவரச் சொல்லி எல்லாரையும் காளை மாடு செய்ய வைத்தேன். நான்கு கால்களுக்கும் உள்ளே கட்டுக்கம்பி வைத்து அதன்மேல் மண்ணை அப்பச் சொன்னேன். இரண்டு நாளில் எல்லா மாட்டுக்கும் கால் வெடித்துவிட்டது. மண் காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது, அதனால்தான் வெடிப்பு. அன்றைக்கு அதை நான் யோசிக்கவில்லை. அவளுடைய மாடு மட்டும் முழுசாக இருந்தது. கம்பியை உருவிப் போட்டுவிட்டு, மாட்டைப் படுக்க வைத்திருந்தாள்! காலை மடக்கி, வயிற்றோடு ஒட்டி. "நிக்க வச்சா வுழுந்துடும் டீச்சர், அதான் படுக்கப் போட்டேன்" என்றாள். பிள்ளைக்கு மண்ணின் குணம் தெரிகிறது என்று அப்போதே பட்டது.

எட்டாம் வகுப்போடு என் வகுப்பு முடிந்தது. ஒன்பதிலிருந்து ஓவியப் பாடவேளை என்று அவளுக்கு எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் ஏழாம் வகுப்பிலேயே பாதிப் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடும். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் குடுங்க டீச்சர்" என்று கேட்டால் எப்படி மறுப்பது? மறுக்க வேண்டும் என்பதை இந்தப் பெண்ணால்தான் கற்றுக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்பில் கொரோனா வந்து பள்ளியே மூடிக் கிடந்தது. பத்தாம் வகுப்புக்கு அப்புறம்தான் மறுபடி மதியச் சாப்பாட்டு மணியில் என் அறைப் பக்கம் வர ஆரம்பித்தாள்.

2022-23இல் அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா அறிவித்தார்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நான்கு படி. ஆறு முதல் எட்டு, ஒன்பது பத்து, பதினொன்று பன்னிரண்டு என்று மூன்று பிரிவு. பறையும் இருந்தது, களிமண்ணும் இருந்தது. அவள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அந்த ஆண்டு பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு உண்டு என்பதால் வகுப்பாசிரியர் தயங்கினார். எச்.எம். மேடத்திடம் நான் கேட்டது ஒன்றுதான்: மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை மட்டும் விடுங்கள், பாடநேரத்தில் கை வைக்க மாட்டேன். ஒத்துக்கொண்டார்கள்.

என்ன செய்வது என்று அவளையே கேட்டேன். பிள்ளையார், மயில் என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நாள் "அம்மா கை செய்யட்டா டீச்சர்?" என்றாள்.

எங்கள் பக்கம் முந்திரிக்காடு அதிகம். அவள் அம்மா கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவர். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டிப் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்து, நகக்கண்ணில் வெடிப்பு ஓடியிருக்கும். உழைப்பாளர் சிலைப் படத்தை அவளுக்குக் காட்டினேன். 1959இல் மெரினாவில் வைத்த அந்தச் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் என்று சொன்னேன். அதுக்குன்னு ஒரு காலேஜ் இருக்கா என்று கேட்டாள். 1850இல் ஆரம்பித்தது, அதைப்போல ஒன்று கும்பகோணத்திலேயே இருக்கிறது என்றேன். பதினொன்றாம் வகுப்பு வரை அந்தப் பிள்ளைக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த நானும் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

கை செய்வது சுலபமில்லை. விரல் அந்தரத்தில் நின்றால் காய்வதற்குள் விழுந்துவிடும். நான்கு தடவை விழுந்தது. ஒரு சனிக்கிழமை, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐந்து பிள்ளைகளைக் கங்கைகொண்ட சோழபுரம் கூட்டிப்போனேன். அரை மணி பஸ்தான். வடக்கு வாசல் படியை ஒட்டிச் சண்டேச அனுக்கிரக மூர்த்தி இருக்கிறதே, சிவபெருமான் தன் பக்தர் சண்டேசர் தலையில் மாலையைச் சுற்றிக் கட்டுகிற சிற்பம், அதன் முன்னால் உட்கார்ந்து வரையச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து அவள் நோட்டைப் பார்த்தேன். முகம் வரையவில்லை. கைகள் மட்டும். "இந்த வெரலு எதுவுமே தனியா நிக்கல டீச்சர். எல்லாம் தலையிலயும் மாலையிலயும் சாஞ்சிருக்கு" என்றாள். இருபது தடவை அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறேன், நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை புதிதாக ஆரம்பித்தாள். இரண்டு கைகளும் முந்திரிக்கொட்டைக் குவியல்மேல் படிந்து இருக்கின்றன. ஒவ்வொரு விரலுக்கும் கீழே ஒரு கொட்டை தாங்கல். நகக்கண் வெடிப்பை ஈர்க்குச்சியால் கீறினாள். இந்தத் தடவை விழவில்லை.

மண் விஷயத்தில் ஒன்று. போட்டி நவம்பர் கடைசியில் தொடங்கியது, அப்போது ஏரி நிறைந்துவிட்டது, மண் எடுக்க வழியில்லை. குயவர் ஒருவரிடம் கேட்டு வாங்கினோம். இப்போதெல்லாம் ஆகஸ்டிலேயே எடுத்து, காயவைத்து இடித்துச் சலித்து, ஊறவைத்து மிதித்து, பாலித்தீன் பையில் கட்டி வைத்துவிடுகிறேன். போட்டி நாளில் ஈரத்துணி இரண்டு, ஒட்டுவதற்குக் கரைத்த சேறு ஒரு டப்பா, ஈர்க்குச்சி, மழைக்கு ஒரு பெரிய பாலித்தீன் தாள் கையில் இருக்க வேண்டும்.

வட்டாரப் போட்டி அன்று காலை எங்கள் தலையில் இடி விழுந்தது. பட்டியலில் அவள் பெயர் மணல் சிற்பத்தில் இருக்கிறது, களிமண்ணில் இல்லை. இணையத்தில் பதிவேற்றும்போது எங்கேயோ மாறிவிட்டது. அங்கே இருந்தவர்கள் "பட்டியல்ல இருக்குறதத்தான் பார்ப்போம்" என்றார்கள். அவள் கண் கலங்கி நிற்கிறாள். பள்ளி அளவில் நடுவர்கள் கையெழுத்துப் போட்ட முடிவுத் தாளின் நகல் என் பையில் இருந்ததால் பிழைத்தோம். எச்.எம். மேடம் போனில் பேசினார்கள், முக்கால் மணி நேரம் போனது, பிறகு சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் பாதி முடித்திருந்தார்கள். இருந்தும் முதலிடம் வந்தாள். பதிவு செய்தவுடன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முடிவுத் தாள் நகல் இல்லாமல் எந்தப் போட்டிக்கும் கிளம்பாதீர்கள்.

மாவட்டத்தில் இரண்டாம் இடம். மாநிலத்துக்குப் போகவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நான்தான் அழுதேன். அவள் "காலேஜுக்கு இது வேணுமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

வேண்டியதில்லை. பிளஸ் டூ தேர்ச்சியும், கல்லூரி வைக்கும் செய்முறைத் தேர்வும்தான் முக்கியம். ஆனால் விண்ணப்பத்தில்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குச் சேர்த்துப் போடுகிற பொது விண்ணப்பத்தில் கவின்கலைக் கல்லூரி வராது. இவை கலை பண்பாட்டுத் துறையின் கீழ் இருப்பவை, விண்ணப்பம் தனி. 2024இல் பிளஸ் டூ முடித்ததும் இவளும் பொது விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு அதிலேயே எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தாள். தற்செயலாகக் கேட்டதால் தெரிந்தது. உடனே தனி விண்ணப்பம் போட்டோம். சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் இ-சேவையில் எடுக்க நாள் பிடிக்கும், தேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே எழுதிப் போடுங்கள்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் இதில் நீண்ட வேலை. மூன்று முறை வீட்டுக்குப் போனேன். "பொம்ம செய்யப் படிச்சி என்னா டீச்சர் பண்ணுவா? நர்சுக்கு அனுப்பலாம்னு இருந்தன்" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் பெரிய பேச்சு பேசவில்லை. நாலு வருஷம் படித்தால் பட்டம், மற்ற டிகிரி மாதிரிதான். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கில் வரும். விளம்பர வேலை, சிலை வார்ப்பு, ஆசிரியர் வேலை என்று போகிற வழிகளையும் சொன்னேன். கடைசியில் வட்டாரப் போட்டியில் எடுத்த போட்டோவை போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "எப்ப கட்டணும் பீஸு?" என்றார்.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம் தினமும் பென்சிலில் குடம், செருப்பு, முறம், மடித்துப் போட்ட துணி என்று கண்ணெதிரே இருப்பதை வரைய வைத்தேன். போட்டோவைப் பார்த்து வரையும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும், நிழல் எங்கே விழுகிறது என்பது கைக்கே வராது. சிற்பப் பிரிவில் இடம் கிடைத்தது.

சேர்க்கை அன்று மூன்று பேரும் அணைக்கரை வழியாகக் கும்பகோணம் போய், அங்கிருந்து சுவாமிமலை ரோட்டில் கல்லூரிக்குப் போனோம். பணம் கட்டி ரசீது வாங்கியதும் சிற்பக் கூடத்தைப் பார்க்க விட்டார்கள். ஓரத்தில் ஈரச் சாக்கு போர்த்திய மண் குவியல் இருந்தது. அம்மா யாரையும் கேட்கவில்லை. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து, அந்தக் கறுத்த விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நம்மூரு ஏரி மண்ணு மாதிரி இல்லடி. இதுல பசை அதிகம், நல்லா புடிக்கும்" என்றார் மகளிடம்.

அவளும் ஒரு சிட்டிகை எடுத்தாள்.