பாதுகாப்புக் கட்டுப்படுத்திகளில் நேரம் செய்யும் இரண்டு வேலைகள்

ஆபத்து நேரும்போது இயந்திரங்களை நிறுத்தும் ஆலைகளின் பாதுகாப்புக் கட்டுப்படுத்திகளில் கால வரம்பையும் கடிகார நேரத்தையும் ஒன்றாகக் கருதுவது ஆபத்தானது என்றே நினைக்கிறேன். இந்தக் கருவிகள் தமக்குள் பாதுகாப்புச் செய்திகளைப் பரிமாறப் பயன்படும் பிராஃபிசேஃப் நெறிமுறையில் ஒவ்வொரு செய்தியையும் தொடர் எண்ணும், தரவு சிதைந்ததா என்று கண்டறியும் சிஆர்சி சரிபார்ப்பும் காக்கின்றன. குறித்த கால வரம்புக்குள் சரியான புதிய செய்தி வந்து சேராவிட்டால், பெறும் கருவி காரணத்தை ஆராய்ந்துகொண்டிராமல் வெளியீடுகளைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. இதற்கு மணி என்ன என்று தெரிய வேண்டியதில்லை. கழிந்த நேரத்தை அளக்கும் உள் டைமரே போதும்.

வலையமைப்பு வழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி அல்லது ஐஇஇஇ 1588 நெறிமுறை வழியாக வரும் நேரம் முக்கியமாக நிகழ்வுப் பதிவுக்கு உதவுகிறது. உலை நின்ற பிறகு, அழுத்தம் முதலில் உயர்ந்ததா, வால்வு முதலில் மூடியதா என்பதைச் சில மில்லிசெகண்டு வேறுபாடே காட்டிக்கொடுக்கும். இரு கட்டுப்படுத்திகளின் கடிகாரங்கள் அரை நொடி விலகியிருந்தாலும் காரணமும் விளைவும் இடம் மாறித் தெரியும். நேர சர்வர் நின்றுபோனால் பதிவின் துல்லியம் குறையலாம், ஆனால் அதற்காக நிறுத்தச் செயல் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது.