கல் சூடாகவில்லை

வெள்ளவத்தையில் கொத்துக் கடை. பின்னேரம் ஆறரை. முதல் ஓடர் என்னுடையது.

"கொஞ்சம் இருங்கோ அண்ணை, கல் சூடாகேல்ல."

அடுப்பைத் திருகினார். காஸ் இல்லை. பெயர்ப்பலகை ஒரு மணித்தியாலமாக மின்னிக்கொண்டிருக்கிறது. சிலிண்டர் வெறுமை என்று நான் கொத்துக் கேட்டபிறகுதான் தெரிகிறது.

எனக்குச் சிரிப்பு. இன்று ஒபிசில் நானும் இதே கதைதான்.

நாங்கள் ஜாவாவில் செயலி எழுதப் பாவிக்கிற கட்டமைப்பு ஸ்பிரிங் பூட். அதில் சிங்கிள்டன் பீன்கள், அதாவது ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றாக உருவாகும் செயலியின் பாகங்கள், வழமையாகச் செயலி எழும்பும்போதே உருவாகிவிடும். 2.2 பதிப்பிலிருந்து ஒரே ஒரு வரி போட்டால் போதும், கேட்கும்போது மட்டும் உருவாகும். காலையில் அதைப் போட்டேன். சட்டென்று எழும்பியது. பெருமையோ பெருமை.

மத்தியானம் யாரோ ரிப்போர்ட் பட்டனை அழுத்த, அதற்கான பீன் அப்போதுதான் கண் விழித்து, கொன்ஃபிகில், அதாவது செயலியின் அமைப்புகளில், ஒரு மதிப்பு இல்லை என்று விழுந்தது. பழையபடி விட்டிருந்தால் டிப்ளோய் பண்ணி சேவரில் ஏற்றும்போதே கத்தியிருக்கும், நானும் சோற்றைப் பாதியில் விட்டு ஓடியிருக்க மாட்டேன்.

இப்போது அந்த வரி என் லப்டொப்பில் மட்டும். அங்கே நாளுக்கு முப்பது தரம் ரீஸ்டார்ட் பண்ணுகிறவனுக்கு அது வரம், சத்தியமாக.

சரி, தம்பி ஓட்டோவில் சிலிண்டரோடு வந்துவிட்டார்.

"முட்டையோ, கோழியோ அண்ணை?"