மொய் 501

2023 ஜூன் 10, சனி

நாளை இங்கிலாந்து கவுண்டி சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்காகக் கேன்டர்பரிக்கு சர்ரே அணி வருகிறது. போன வருடம் மே மாதம் பெக்கென்ஹாமில் இதே சர்ரே நம் கென்ட்டை அடித்த அடி இன்னும் ஆறவில்லை. 9 விக்கெட்டுக்கு 671. அதில் ஒருவர்கூட நூறு அடிக்கவில்லை, ஏழு பேர் ஐம்பதைத் தாண்டினார்கள். தனிநபர் சதமே இல்லாமல் முதல்தர கிரிக்கெட்டில் எடுக்கப்பட்ட மிக அதிக ஸ்கோர் அதுதான். ஒருவர் 250 அடித்துவிட்டுப் போனால், அன்று அவர் கை ஓங்கியிருந்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஏழு பேர் வரிசையில் வந்து ஆளுக்கொரு பங்கு வாங்கிப் போனால் அது அன்னதானம்.

ஒரே ஆறுதல், அர்ஷ்தீப் சிங் நாளை கென்ட்டுக்காக முதல்முறை ஆடுகிறார்.

2023 ஜூன் 11, ஞாயிறு

ஆஷ்ஃபோர்டில் ரயில் ஏறும்போதே தலைவலி. ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியின் கடைசி நாள். இந்தியா கையில் ஏழு விக்கெட், எடுக்க வேண்டியது 280. எழுபது ரன் சேர்ப்பதற்குள் எல்லோரும் பெவிலியன் திரும்பிவிட்டார்கள். அந்தக் கணத்தில் டெஸ்ட் பந்துவீச்சுத் தரவரிசையில் முதலிடத்தில் இருக்கும் அஸ்வினை வெளியே உட்கார வைத்துவிட்டு ஆடிய ஆட்டம். இதைப் பற்றி மேலே எழுதினால் பேனா கிழித்துவிடும்.

செயின்ட் லாரன்ஸ் மைதானத்துக்குள் நுழைந்ததும் மனசு கொஞ்சம் ஆறியது. எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே லைம் மரம் (எலுமிச்சை அல்ல, லிண்டன்) நின்ற மைதானம் இது. பந்து மரத்தில் பட்டால் நான்கு. 2005 ஜனவரிக் காற்றில் அது சாய்ந்துவிட, இப்போது அதன் வாரிசாக ஒரு இளம் மரம் நிற்கிறது.

மழை பார்த்து நாளாகிவிட்டது. புல் வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. முதலில் பேட்டிங் நமக்கு. பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னிடம் பாதி, தன் ஃபிளாஸ்க்கிடம் பாதியாகப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு கென்ட்டின் பழைய சுழல் பந்துவீச்சாளர் டெரிக் அண்டர்வுட்டில் வந்து நின்றது. பிட்ச்சை மூடாமல் விட்ட காலம் அது. மழையில் நனைந்து வெயிலில் காய்கிற மண்ணில் அண்டர்வுட் போட்டால் பந்து எகிறும், திரும்பும், மட்டை போய்ச் சேரும் முன் வேலை முடிந்துவிடும். மொத்தம் 2,465 முதல்தர விக்கெட். "இப்போது மழை பெய்தால் தார்ப்பாய், வெயில் அடித்தால் ரோலர்" என்றார்.

2023 ஜூன் 12, திங்கள்

அலுவலகம். மதிய இடைவேளையில் யூடியூப் நேரலை, கையில் எலுமிச்சை சாதம். நாம் 301. சர்ரே 145க்குச் சுருண்டது! அர்ஷ்தீப்பின் முதல் கவுண்டி விக்கெட் பென் ஃபோக்ஸ், எல்பிடபிள்யூ.

முன்னிலை 156. நான்கு நாள் ஆட்டத்தில் 150 இருந்தால் ஃபாலோ-ஆன் கொடுக்கலாம், அதாவது எதிரணியையே உடனே மறுபடி ஆடவைக்கலாம். கொடுக்கவில்லை, நாமே மறுபடி ஆடினோம். பந்துவீச்சாளர்களுக்கு ஓய்வு, நான்காம் நாள் பிட்ச் உடையும் என்ற கணக்காக இருக்கும். கணக்கு சரிதான். ஆனால் இந்த வெயிலில் இந்த மண் உடையுமா?

2023 ஜூன் 13, செவ்வாய்

இரண்டாவது இன்னிங்ஸில் 344. சர்ரேவுக்கு இலக்கு 501. வீட்டில் சொன்னேன். "என்னங்க, மொய் எழுதுற தொகை மாதிரி இருக்கு" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். கவுண்டி சாம்பியன்ஷிப் வரலாற்றில் ஒரே ஒருமுறைதான் இவ்வளவு துரத்திப் பிடித்திருக்கிறார்கள்: 1925இல் ட்ரென்ட் பிரிட்ஜில் மிடில்செக்ஸ், 6 விக்கெட்டுக்கு 502.

நாளைக்கு லீவு போட்டாயிற்று.

2023 ஜூன் 14, புதன்

மொய் எழுதிவிட்டார்கள். 5 விக்கெட்டுக்கு 501.

டொமினிக் சிப்லி 415 பந்தில் 140, ஆட்டமிழக்கவில்லை. சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே மெதுவான சதமாம். அவரைத் திட்ட முடியவில்லை. விடவேண்டிய பந்தை விட்டார், தடுக்கவேண்டியதைத் தடுத்தார், நாம் அவர் பொறுமையைச் சோதிக்கும் பந்து ஒன்றுகூடப் போடவில்லை. மறுமுனையில் ஜேமி ஸ்மித் 77 பந்தில் 114. ஆஷஸ் அணியில் பேர்ஸ்டோவுக்கு இடம் விட்டு வெளியே நிற்கும் ஃபோக்ஸ் 124.

பிட்ச் உடையவில்லை. நான்கு நாள் வெயிலும் ரோலரும் சேர்ந்து அதை இன்னும் சிமெண்ட் தரை ஆக்கிவிட்டன. இங்கே வழக்கமாக ஆடும் டியூக்ஸ் பந்து ஐம்பது ஓவருக்குப் பிறகு பழைய டென்னிஸ் பந்து போலத் தளர்ந்துவிடுகிறது என்று இந்த வருடம் எல்லா ஊரிலும் புலம்பல். ஆனால் அதே பிட்ச், அதே பந்து, இரண்டு நாள் முன்னால் 145. அப்போது பந்து புதியது, கால்களும் புதியவை. பந்து பழசானதும் மாற்றிக் கொடுக்க நம்மிடம் ஆள் இல்லை. 90 மைல் வேகம் இல்லை, ரிவர்ஸ் ஸ்விங் இல்லை, ஒரு முனையைக் கட்டிப்போடுகிற சுழலும் இல்லை. 46 வயது வரை மிதவேகத்தில் ஒரு முனையைக் கட்டிக் காத்த டேரன் ஸ்டீவன்ஸையும் போன வருடத்தோடு வழியனுப்பியாகிவிட்டது. பிட்ச்சைக் குறை சொல்வது சுலபம், அது திரும்பிப் பேசாது.

பெரியவர் ஃபிளாஸ்க்கை மூடிவிட்டு, "நல்ல ஆட்டம்" என்று மட்டும் சொன்னார்.

2023 ஜூன் 25, ஞாயிறு

இந்தச் சுற்றில் எல்லா கவுண்டியும் டியூக்ஸுக்குப் பதிலாக ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா பந்தில் ஆடவேண்டுமாம். டியூக்ஸில் ஆறு வரிசைத் தையலும் கைத்தையல், விளிம்பு தடித்து நிற்கும். கூக்கபுராவில் நடு இரண்டு வரிசைதான் கை, மற்றது இயந்திரம், சீக்கிரம் படிந்துவிடும். வேகமோ சுழலோ உள்ளவன் பிழைப்பான். தையலை நம்பிப் பிழைக்கிறவனுக்குப் பட்டினி. நாம் எந்த வகை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2023 ஜூலை 14, வெள்ளி

நார்தாம்ப்டனில் டேனியல் பெல்-டிரம்மண்ட் ஆட்டமிழக்காமல் 300, டவாண்டா முயேயே 179. இன்னிங்ஸ் வெற்றி! விருந்து நமக்கும் ஒருநாள் கிடைக்கத்தான் செய்கிறது.

2023 செப்டம்பர் 29, வெள்ளி

மிடில்செக்ஸும் நார்தாம்ப்டன்ஷைரும் கீழே, இரண்டாம் டிவிஷனுக்குப் போகின்றன. நாம் எட்டாவது இடம். தப்பித்தோம். கடைசி ஆட்டங்களுக்கு யுஸ்வேந்திர சாஹல் வந்தார். ஜூனில் அர்ஷ்தீப், செப்டம்பரில் சாஹல். மாதக் கடைசியில் கைமாற்று வாங்குகிற குடும்பம் மாதிரி.

2024 செப்டம்பர் 30, திங்கள்

இந்த நோட்டை ஒரு வருடம் தொடவே இல்லை. ஏப்ரலில் அண்டர்வுட் காலமானார். அன்றைக்காவது எழுதியிருக்கலாம்.

இந்த முறை யாரும் காப்பாற்றவில்லை. கடைசி இடம், டிவிஷன் இரண்டு. பதினான்கு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. அதைப் பார்க்க நான் போகவில்லை, அலுவலகத்தில் இருந்தேன்.