செம்பியின் இரைப்பை

2025 ஜனவரி 17, வெள்ளி

காலையில் கோழிக் கொடாப்பைத் தூக்கியதும் முதல் ஆளாக வந்து என் காலடியில் நிற்பவள் செம்பி. இன்று வரவில்லை. மற்ற மூன்றும் குருணைக்கு ஓடிப்போன பிறகும் இவள் மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணைப் பாதி மூடியபடி மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள். கொண்டை வெளுத்துக் கிடந்தது.

தூக்கி மடியில் வைத்துத் தடவினேன். நெஞ்சுக்கு மேலே, வலப்பக்கமாக, கல் மாதிரி ஒரு உருண்டை. பெரிய எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். சாயங்காலம் கோழிக்கு இரைப்பை, அதாவது கழுத்தடியில் தீனி சேரும் பை, புடைத்திருப்பது வழக்கம்தான். பகலெல்லாம் பொறுக்கியதை அதில் நிரப்பிக்கொண்டுதான் அடைய வரும். ராத்திரியில் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, விடியும்போது பை காலியாகிவிட வேண்டும். ஒத்துப் பார்க்கக் கருப்பியைப் பிடித்துத் தொட்டேன். அவளுக்கு அந்த இடத்தில் தொளதொளவென்று தோல்தான் அகப்பட்டது.

செம்பி உட்கார்ந்திருந்த இடத்தில் பச்சைத் தண்ணீராக எச்சம். அதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கொடாப்பே காலியாகிவிடும். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவாராம். இருந்தாலும் பொறுமையாகக் கேட்டார். மற்ற கோழிகள் நன்றாக இருக்கின்றனவா, கழுத்து திருகுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, "கழிச்சல் மாதிரி தெரியலைங்க. இரை அடைச்சிருக்குது. எதுக்கும் அவளைத் தனியா வையுங்க. தீனி உள்ளே இறங்காத கோழிக்கு வயித்துல பித்தம் மட்டும்தான் இருக்கும், அதான் பச்சையா வருது" என்றார்.

கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய அட்டைப்பெட்டியில் பழைய சேலையை விரித்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உள்ளே போனதும் ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜனவரி 18, சனி

தீனி கிடையாது. தண்ணீர் மட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சில் இரண்டு மில்லி தேங்காய் எண்ணெய் எடுத்து, அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, அவள் விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. அப்புறம் இரைப்பையை விரல் நுனிகளால் வட்டமாகத் தடவிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கு தடவை. பிசையக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, தலைகீழாகப் பிடித்து அழுத்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று கையை நீட்டினார். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம். நான் கொடுக்கவில்லை. அப்படிச் செய்யவே கூடாது என்று நேற்றே டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழல் வாய். கீழிருந்து மேலே வரும் தண்ணீர் அதற்குள் போய்விட்டால் நுரையீரலில் இறங்கி அங்கேயே உயிர் போய்விடும். பெரியவர் மனம் வருத்தப்பட்டிருப்பார். பரவாயில்லை.

சின்னவள் பள்ளிக்கூட ரஃப் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிக் கட்டம் போட்டிருக்கிறாள். காலை, மதியம், ராத்திரி. இன்று மூன்று கட்டத்திலும் 'கல்' என்று எழுதினாள்.

ஜனவரி 19, ஞாயிறு

மதியம் தொட்டபோது கல் கொஞ்சம் இளகி, கெட்டி மாவு மாதிரி இருந்தது. எனக்கு உயிர் வந்தது. சாயங்காலம் பார்த்தால் மறுபடி இறுகி, முன்னைவிடப் பெரிதாகவும் இருந்தது. கூடவே வாயில் புளித்த மாவு வாடை.

எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை சமையல்கட்டிலிருந்து வந்து, "நான்தான் கண்ணு ரெண்டு உருண்டை சோறு வெச்சேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "மூணு நாளா வயித்தைக் காயப் போட்டா உசுரு எப்படி நிக்கும்?"

அவரிடம் கோபப்பட என்னால் முடியவில்லை. இந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி போடுபவர் அவர்தான். என் இரண்டு பிரசவத்திலும் எனக்கு ஊட்டிவிட்ட கை அது. பசியில் இருக்கும் ஒரு ஜீவன் முன்னால் வெறும் தண்ணீரை நீட்டுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவர் கையைப் பிடித்து செம்பியின் நெஞ்சில் வைத்து, "இங்கே பாருங்கத்தை, வெச்ச சோறு அப்படியே இதுக்குள்ள நிக்குது. கீழே போற வழி அடைச்சிருக்குதுங்க" என்றேன். வெகுநேரம் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். உயிரோடு இருக்கிறாள்.

ஜனவரி 20, திங்கள்

பெட்டியோடு டி.வி.எஸ். எக்ஸெல் முன்னால் வைத்து கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். சுற்றிலும் பண்ணைகளில் கோடிக்கணக்கில் முட்டைக்கோழிகள். அங்கே ஒரு கோழி சோர்ந்தால் தூக்கி அப்புறப்படுத்திவிடுவார்கள். ஐம்பதாயிரம் கோழி வைத்திருப்பவரால் வேறென்ன செய்ய முடியும்? டாக்டரம்மாவும் பண்ணைகளுக்குப் போய் வருபவர்தான். ஆனால் செம்பியை மேஜையில் வைத்ததும் அவர் முதலில் செய்தது, தன் உள்ளங்கையால் அவள் கண்ணை மறைத்து, அவள் அடங்கும்வரை அப்படியே நின்றதுதான். அந்த நிமிடமே எனக்குப் பயம் பாதி போய்விட்டது.

எடை ஒரு கிலோ 150 கிராம். சிறுவிடை ரக நாட்டுக்கோழிக்கு அது மோசமில்லை என்றாலும் அதில் அடைப்பின் எடையும் சேர்ந்திருக்கிறது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு தெரிந்தது. எண்ணெயும் தடவலும் மூன்று நாளில் கரைக்கவில்லை என்றால் இனிக் கரையாது, திறந்து எடுத்துவிடலாம் என்றார். கூட இருக்கட்டுமா என்று கேட்டேன். சரி, இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

இறகைப் பிய்த்து, மருந்து தடவி, மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் ஓர் அங்குலம் வெட்டினார். உள்ளே இன்னொரு தோல், வெளிர் ரோஜா நிறத்தில், காகிதம் போல. அதுதான் இரைப்பை. அதையும் வெட்டிக் கிடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார். காய்ந்த அருகம்புல், கரும்புச் சோகை நார், புளித்துப்போன சோறு, எல்லாம் சடைபோட்ட கயிறு மாதிரி வந்துகொண்டே இருந்தது. அந்தச் சடையை இறுக்கிச் சுற்றியிருந்தது நூல். கத்திரிப்பூ நிறத்தில் பாலியெஸ்டர் தையல் நூல்.

எனக்குத் தெரியும் அது யாருடைய ரவிக்கை என்று. பொங்கலுக்கு முந்தின வாரம் ராத்திரி பகலாக நாற்பதுக்கு மேல் தைத்தேன். ஓவர்லாக் மெஷினிலிருந்து விழுந்த நூலையும் துணிப்பிசிறையும் கூட்டி, புறக்கடைக் குப்பைமேட்டில் கொட்டினேன். இவள் அதில்தான் கிளறிக்கொண்டிருப்பாள். கோழிக்கு நூலும் புழுவும் ஒன்றுதான், நெளிந்தால் கொத்தும். இத்தனை வருடம் தைக்கிறேன், இது ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. மன்னித்துக்கொள் என்று அவள் தலையில் முகத்தை வைத்துச் சொன்னேன்.

வெதுவெதுப்பான உப்புநீரால் பையை அலசிவிட்டுத் தைக்க ஆரம்பித்தார். நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். முதலில் இரைப்பையைத் தனியாக, ஓரங்களை உள்பக்கம் மடித்துவிட்டு நெருக்கமாக ஒரு தையல். நாங்கள் பிசிறு வெளியே தெரியாமல் மடித்துத் தைப்போமே, அதே மாதிரி. உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு சொட்டும் கசியக் கூடாது என்பதற்காக அப்படி. அப்புறம் மேல்தோலுக்குத் தனியாக, விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் முடிச்சு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பை தோலோடு ஒட்டிக்கொண்டு, அப்புறம் இரையைத் தள்ளாதாம். நல்ல கை. எங்கள் தொழிலுக்கு வந்திருந்தால் அவரை அடித்துக்கொள்ள ஆள் இருந்திருக்காது.

தேங்கின இரையில் ஈஸ்ட் பூஞ்சை வளர்ந்துதான் புளிச்ச வாடை வந்திருக்கிறது. அதற்கு நிஸ்டாட்டின், புண்ணுக்கு ஆன்டிபயாடிக். இவள் முட்டை வைத்தாலும் நான் சொல்லும்வரை யாரும் சாப்பிட வேண்டாம் என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

தண்ணீர், சொட்டுச் சொட்டாக. தையல் காய்ந்திருக்கிறது. சாயங்காலம் முட்டை மஞ்சள் கருவைத் தண்ணீரில் கரைத்து அரை ஸ்பூன். விழுங்கினாள்.

ஜனவரி 23, வியாழன்

கஞ்சிப் பொறுப்பை அத்தை எடுத்துக்கொண்டார். பச்சரிசியைக் குழைய வேகவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு ஸ்பூன் வீதம் ஐந்து வேளை. ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் அவரே தொட்டுப் பார்க்கிறார். முந்தின வேளைக் கஞ்சி இறங்காவிட்டால் கொடுப்பதில்லை. "இன்னும் இருக்குது, பொறு சாமி" என்று அவளிடமே சொல்கிறார்.

இன்று மதியம் பெட்டியில் ஒழுங்கான எச்சம்! பழுப்பு நிறத்தில் சுருண்டு, நுனியில் வெள்ளைத் தொப்பி வைத்து. நானும் சின்னவளும் கையைத் தட்டிக்கொண்டோம். சாயங்காலம் இன்னொன்று, தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, சகிக்க முடியாத நாற்றம். பதறிப்போய் டாக்டரம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அது குருட்டுக்குடல் கழிப்பது, ஆரோக்கியமான கோழியும் தினம் இரண்டு மூன்று தடவை அப்படிப் போகும் என்று பதில் வந்தது. ஐந்து வருடமாகக் கோழி வளர்க்கிறேன். அவை கழிப்பதை இப்போதுதான் பார்க்கக் கற்றுக்கொள்கிறேன்.

ஜனவரி 27, திங்கள்

நேற்றும் இன்றும் விடியும்போது இரைப்பை காலி. நோட்டில் சின்னவள் சிவப்பு மையில் எழுதினாள்.

மெஷின் ஓடினால் கண்ணை மூடித் தூங்குகிறாள். நிறுத்தினால் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். அதனால் இரண்டு நாளாக நானும் நிறுத்தாமல் தைக்கிறேன்.

ஜனவரி 30, வியாழன்

தையல் பிரித்தாயிற்று. தழும்பைச் சுற்றி முள் மாதிரி புது இறகு முளைக்கிறது. குப்பைமேட்டைச் சுற்றி நான் வலை அடித்ததைச் சொன்னேன். நீளப் புல்லையும் வெட்டிவிடுங்கள், பொடிக்கல் கலந்த மணல் ஒரு தட்டில் எப்போதும் இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. பல் இல்லாத பிறவிக்கு வயிற்றுக்குள் இருக்கும் கல்தான் அம்மி. கிளிஞ்சல் தூள் வைக்கிறேனே என்றேன். அது கரைந்து முட்டை ஓட்டுக்குப் போய்விடும், அரைக்க நிற்காது, இரண்டும் வேண்டும் என்றார். பிப்ரவரியில் வழக்கமாகப் போடும் கழிச்சல் தடுப்பூசிக்கு நான்கையும் கொண்டு வரச் சொன்னார். அந்தக் கழிச்சலுக்கு இன்னொரு பேரான ராணிக்கெட் என்றால் எந்த ராணி என்று சின்னவள் கேட்டாள். ராணி இல்லை கண்ணு, உத்தராகண்டில் ஒரு மலை ஊர், அந்த ஊர்ப் பேரை நோய்க்கு வைத்துவிட்டார்கள் என்று அவளுக்குச் சொன்னார்.

பிப்ரவரி 3, திங்கள்

மற்றவர்களோடு விட்டேன். பதினேழு நாள் இல்லாததில் இவள் இடம் போய்விட்டது. கருப்பி ஓடி வந்து தலையில் கொத்தினாள். குறுக்கே போகத் துடித்தது. போகவில்லை. தழும்பில் கொத்தினால் மட்டும் பிரித்துவிடலாம் என்று கையில் முறத்தோடு நின்றேன். மதியத்துக்குள் அடங்கிவிட்டது. சாயங்காலம் கொடாப்புக்குள் கருப்பியை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம்

முட்டை இன்னும் வைக்கவில்லை. எடை நேற்று ஒரு கிலோ 200.

விடியக் காலையில் கொடாப்புக்குள் கையை விட்டேன். இருட்டில் மற்றவை முனகின. இவள் முனகவில்லை, நெஞ்சைத் தானே என் கைக்குக் கொடுத்தாள். தொளதொளவென்று தோல், அதன் மேல் மெல்லிய கோடாகத் தழும்பு. தூக்கிவிட்டதும் முதல் ஆளாகக் கம்புத் தட்டுக்கு ஓடினாள்.

சின்னவள் தூக்கக் கண்ணோடு நோட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள்.

"காலியாம்மா?"

"காலி கண்ணு."

எழுதிவிட்டுப் பல் தேய்க்கப் போனாள்.